இடது ஓரத்துக் கீறல்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா தன் பழைய டிவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். "சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு இதையாவது பாரு" என்றாள். அவள் போனபின் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போடவில்லை.

கேம் கருவி என்னிடம் இருக்கிறது. கையில் வைத்து ஆடினால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. அதைச் செருகிப் படத்தை டிவிக்கு அனுப்பும் டாக் அவனிடம். பொருள்களைப் பிரித்த அன்று டிவி அவனுக்கு, கருவி எனக்கு என்று எழுதிக்கொண்டோம். டாக் டிவிக்குப் பின்னால் இருந்தது. இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆறு வருடக் குடித்தனத்தை ஒரு மணி நேரத்தில் பிரித்துவிட்டோம் — வக்கீலம்மாவே மெச்சினார்.

விவாகரத்துக் கையெழுத்து 18ஆம் தேதி. அதுவரை எங்களில் யார் வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாமாம்.

ஒரு போன் போட்டால் டாக்கைக் கொடுத்துவிடுவான். போட மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

அலுவலகத்தில் இன்று நூற்றுப் பத்து படங்கள். எல்லாம் அடிபட்ட கார்கள். எந்தக் கீறல் விபத்தில் வந்தது, எது முன்பே இருந்த சேதம் என்று பிரித்து எழுத வேண்டும். காப்பீடு தருபவர்களுக்கு அது போதும்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் மலிவான டாக் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. வேறு கம்பெனிச் சரக்கு என்று பயப்பட வேண்டாம், ஆனால் மின்சாரத்தை அளந்து கொடுக்காதது என்றால் கருவியே செத்துவிடும், பழைய சார்ஜரையே செருகு என்றார். "அப்டேட் வந்தா உடனே போடாதம்மா. பாதி டாக் அதுலதான் படுத்துக்கும்."

ஒரிஜினல் என்ன ஆச்சு என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன்.

மார்ச் 6

இணையத்தில் மூன்று டாக்குகள் பார்த்தேன். ஒன்றில் குட்டி விசிறி. ஒன்றை மடித்துப் பையில் போடலாம். ஒன்று விரல் அளவுதான். வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஒருவர்: "மூணு மாசம் நல்லா இருந்துச்சு, அப்புறம் ஒரு நாள் ஒண்ணுமே வரல." அதை இரண்டு முறை படித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

பழைய பொருள் விற்கும் தளத்தில் தேடினேன். நான்காவது விளம்பரம். ஒரிஜினல் டாக். மேசை எனக்குத் தெரியாதது. இடது ஓரத்தில் அரை விரல் நீளத்துக்குக் கீறல்.

கல்யாணமான வருடம் வாங்கியது. வாங்கிய வாரமே அவன் கீழே போட்டான். நான்தான் போட்டேன் என்று சாதித்தான். எட்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எங்கே ஆரம்பித்த சண்டையும் அந்தக் கீறலில் வந்துதான் முடியும்.

மார்ச் 9

தளத்தில் என் பெயர் 'வாங்குபவர் 7731'. எழுதினேன்: "இடது ஓரத்தில் இருப்பது முன்பே இருந்த சேதமா?"

ஏன் கேட்டேன்?

மார்ச் 10

பதில் வந்தது.

"ஆமாங்க. வாங்கின வாரமே விழுந்துடுச்சு. நான்தான் போட்டேன். வேற ஒருத்தங்க மேல பழியைப் போட்டுட்டேன். மத்தபடி நல்லா வேலை செய்யுதுங்க. வேணும்னா எடுத்து வைக்கிறேன்."

ஆறு வருஷம். என்கிட்ட வாயைத் திறக்கல. ஊர் பேர் தெரியாத யாரோ கேட்டதும் வந்துடுச்சு. 'ங்க' வேற.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாத்திரம் கழுவினேன்.

எனக்கும் சொல்ல ஒன்று உண்டு. பதில் எழுதவில்லை.

மார்ச் 11

விசிறி வைத்ததை வாங்கினேன்.

மார்ச் 15, ஞாயிறு

வந்துவிட்டது. கருவியை இறுக்கமாகப் பிடிக்கிறது. விசிறி கொசுபோல் ரீங்கரிக்கிறது. அக்கா போனில் படம் வருகிறதா என்றாள். வருகிறது என்றேன். "அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன.

மார்ச் 18, புதன்

நீதிபதி சம்மதமா என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். சம்மதம் என்றேன். பிறகு அவனும் சொன்னான். கையெழுத்துப் போட்டோம்.

வராந்தாவில் ஒரு துணிப்பையை நீட்டினான். உள்ளே டாக். எப்படித் தெரியும் என்றேன்.

"கீறலைப் பாத்து 'முன்பே இருந்த சேதமா'ன்னு உலகத்துல வேற யாரு கேப்பா?"

"அப்போ அந்தப் பதில்—"

"உன்கிட்டதான் சொன்னேன். நேர்ல சொல்லியிருந்தா பாதியிலயே எழுந்து போயிருப்ப."

வேறு வாங்கிவிட்டேன் என்றேன். இருக்கட்டும் என்றான். லிஃப்ட் வந்தது. அவன் படியில் இறங்கினான்.

மார்ச் 22, ஞாயிறு

பையை இன்றுதான் பிரித்தேன்.

மூன்று வருடத்துக்கு முன், அவன் வெளியூர் போயிருந்த வாரம், தூசி தட்டும்போது இது என் கையிலிருந்து விழுந்தது. அடிப்பக்கம் வெடித்தது. அவன் வந்ததும் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். டிவிக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் கீறலைச் சொல்லிச் சொல்லி அவனோடு சண்டை போட்டிருக்கிறேன்.

திருப்பிப் பார்த்தேன். வெடிப்பின் மேல் டேப். நான் ஒட்டியதல்ல. ஓரம் பிசிறில்லாமல் வெட்டி ஒட்டியிருக்கிறது.

டேப் பழுப்பேறிவிட்டது. படம் பார்த்தே பிழைக்கிற கண் — ஒட்டி இரண்டு வருடத்துக்குக் குறையாது.

விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. புது டாக்கைக் கழற்றவில்லை.