சீக்கிரம் இழுத்த கயிறு

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். முதல் ஷிஃப்ட். சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் கம்பெனி பஸ் இருபது நிமிஷம் லேட்.

கேட்டில் புது செக்யூரிட்டி. அறுபதுக்கு மேல். ஒல்லி, நெட்டை. "கார்டு காட்டும்மா." குரலைக் கேட்டதும் திக்கென்றது. சீனு அண்ணன்! அந்த மூக்கை எங்கே பார்த்தாலும் தெரியும்.

ஏழு வயசில் நான் நடித்த ஒரே படம். நாலு வாலுப் பசங்க, ரெண்டு அசட்டுத் திருடர்கள். பசங்களில் நான்தான் கடைக்குட்டி. அவர் நெட்டைத் திருடன்.

இடது காலை இழுத்து நடக்கிறார். நாள் முழுக்க அதுவே கண்ணில்.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் தூறல். யாழினி ஸ்கூல் விட்டு வந்ததும் போனில் அந்தப் படம் போடச் சொன்னாள். ஏணி சீன். திருடன் மாடி ஜன்னலுக்கு ஏறுகிறான், நான் ஏணிக் கயிற்றை இழுக்கிறேன், விழுகிறான். "ம்மா, இன்னொரு வாட்டி!" மூணு வாட்டி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

டைரக்டர் கை காட்டினதும் இழுக்கணும். நான் முன்னாடியே இழுத்துட்டேன். வைக்கோல் மேல் விழவேண்டியவர் தரையில். தூக்கிக்கிட்டுப் போனாங்க. மறுநாளிலிருந்து அந்தச் சட்டையில் வேறு ஆள், முகம் தெரியாமல் குரங்குக் குல்லா. யாரும் என்னைத் திட்டலை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

ரெண்டு தடவை கேட்டைத் தாண்டினேன், கார்டை மட்டும் காட்டிட்டு. லைனில் லேபிளை மாத்தி ஒட்டிட்டேன். சூப்பர்வைசர்: "இன்னாக்கா, தூக்கமா?"

அவர்கிட்ட கேக்கணும்:
கால் என்னாலயா.
அப்புறம் ஏன் எந்தப் படத்திலும் காணோம்.

வீட்டுக்காரர்: "இவ்ளோ வருஷம் கழிச்சா? அவரு மறந்திருப்பாரு, விடு."
நான் மறக்கலையே.

ஜூலை 12, சனி

கேட்டுட்டேன். ஷிஃப்ட் முடிஞ்சு, எதிர் டீக்கடையில்.

"அண்ணே, ஏணிக் கயித்த இழுத்த பொண்ணு நான்தான்."

உத்துப் பார்த்தார். டீ கையில் அப்படியே. "அடிப்பாவி! பாப்பாவா நீ?"

கால்? "அது போன வருஷம், பைக்கு மோதி. அன்னிக்கு ஒடஞ்சது தோளு. ரெண்டு மாசம் கட்டு."

"எம்மேல கோவமாண்ணே?"

"இருந்திச்சி. பொய் சொல்ல மாட்டேன். அடுத்த படம் கைவிட்டுப் போச்சுல்ல." ஒரு வாய் டீ. "அந்தப் படமும் பத்தே நாள் ஷூட்டிங்கோட நின்னு போச்சின்னு கேள்விப்பட்டேன். கோவம் பாதி கொறஞ்சிது."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மன்னிச்சிடுங்கன்னேன்.

"ஏழு வயசுப் புள்ள கையில கயித்தக் குடுத்தானுங்க பாரு, அவனுங்கதான் மன்னிப்பு கேக்கணும். நீ பன்னு துன்னு."

நாளைக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். சிக்கன் ஒரு கிலோ, தயிர், புதினா.

ஜூலை 13, ஞாயிறு

வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். தெருப் பசங்க எல்லாம் எங்க வீட்டில். "திருடன் மாமா, நடந்து காட்டுங்க!" வலிக்கிற காலோடு பூனை நடை நடந்து, வேணும்னே கதவில் முட்டிக்கொண்டார். ஒரே கூச்சல்.

படத்தை அவர் இதுவரை பார்த்ததே இல்லையாம்! "வேற ஆளப் போட்டு முடிச்ச படத்துக்கு எங்க போறது. அப்பறம் மனசு வரல." யாழினி பக்கத்தில் உட்கார்ந்து போட்டாள். ஏணி சீனில் எல்லாரையும் விட அவர்தான் சத்தமாகச் சிரித்தார். நானும். முதல் தடவை.

முடிஞ்சதும் மெதுவாக, "எம்பேரு போட்டுக்கீறானா பாரு கண்ணு. நடிச்சேன்னா வூட்ல நம்பவே மாட்டேங்குறா. அவளும் படத்தப் பாக்கல. பாதிப் படம் குல்லான்னு சொன்னா, அப்ப எவன்னு தெரியும்னு கேக்குறா."

யாழினி முதலிலிருந்து ஓட்டினாள். பொடி எழுத்தில் பேர்கள். நாலாவது வரி: சீனிவாசன்.

விரலை வெச்சுப் படித்தார். மறுபடி படித்தார். யாழினி அதைப் படம் பிடித்து, ஏணி சீனையும் சேர்த்து அவர் மனைவி நம்பருக்கு அனுப்பினாள்.

செருப்பு மாட்டும்போதே போன் வந்தது. காதில் வைத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

"ஆமாண்டி... நான்தான்... அட, நான்தாண்டி!"

தெருமுனை திரும்பும்வரை கேட்டது.