அப்பாவின் சபதமும் பிக்கப்பின் பின் கண்ணாடியும்

நெப்ராஸ்கா,
ஆகஸ்டு 19

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு,

இங்கே நான் சுகம், முட்டிவலி மட்டும் தன் இஷ்டத்துக்கு வந்து போகிறது. உன் அப்பாவும் உடம்பளவில் சுகம், தலைக்குள்ளே எப்படி என்பதை நீயே படித்துத் தெரிந்துகொள். நீயும் மருமகன் ரஸ்ஸும் வயிற்றில் இருக்கும் என் பேரக்குழந்தையும் நலமாக இருக்கவேண்டும் என்று ஞாயிறு தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். கால் வீங்கினால் தலையணை வைத்து உயர்த்திப் படு. அக்டோபரில் குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று சொன்னேன் அல்லவா, விமானத்தில் போவோமா என்று கேட்டதற்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன வருஷம் நன்றி விருந்துக்கு வந்தபோது குளிருக்குப் போட்டிருந்த உன் வீட்டு ஹீட்டரை அவர் சொல்லாமல் குறைத்து, நீ 'இது என் வீடுப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு, இனி உன் கூரைக்குக் கீழே தலை சாய்க்கமாட்டேன் என்று சபதம் போட்டாரே, அந்தச் சபதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எங்கள் கல்யாணத்தில் கொடுத்த வாக்குறுதிகளைக் கூட இவ்வளவு பத்திரமாக அவர் காப்பாற்றியதில்லை.

அப்புறம் ஜூலையில் ஒருநாள் டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். ஊர் சுற்றவாம். உன் வீட்டை விட்டால் மாட்டுச் சந்தையைத் தாண்டிப் போகாத மனுஷன்! இது பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற சாதாரண வகை இல்லை, பிக்கப் வண்டியின் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்குள்ளே ஒரு இரும்புத் தாடையைப் பொருத்தி அதன்மேல் டிரெய்லரின் மூக்கை உட்காரவைக்க வேண்டும். ஐந்தாம் சக்கரம் என்று பேர், சக்கரம் என்று அதில் ஒன்றுமே இல்லை. நம்முடையதோ குட்டைத் தொட்டி. பக்கத்துப் பண்ணை ஹார்லன் வந்து பார்த்துவிட்டு, "டெல்பர்ட், குட்டைத் தொட்டிக்கு முன்னும் பின்னும் நகருற தாடைதான்யா சரிப்படும்" என்றார். "வண்டி ஓட்டத் தெரியாதவனுக்குத்தான்யா அதெல்லாம்" என்று இவர் ஓட்டை போட்டு, பின் அச்சுக்கு இரண்டு அங்குலம் முன்னால் தாடையை முறுக்கிவிட்டார். நான் மெத்தைவிரிப்பு தைக்கும் டேப்பை எடுத்துப்போய் அளந்தேன். தாடையிலிருந்து பிக்கப்பில் நாங்கள் உட்காரும் இடத்தின் பின் ஜன்னல் கண்ணாடிவரை முப்பத்தெட்டு அங்குலம், டிரெய்லரின் பாதி அகலமோ நாற்பத்தெட்டு. ஏங்க, முழுசாத் திரும்பினா மூலை இடிக்குமுங்க என்றேன். "துணி தைக்கிற டேப்பை வெச்சு வண்டியை அளக்க வந்துட்டா" என்றார்.

அந்த ஞாயிறே தேவாலய வாசலில், சபையார் எல்லாரும் கையில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்க, பெருமையாக ஒரு திருப்பு திருப்பினார். டிரெய்லரின் மூலை பின் கண்ணாடிக்குள் நுழைந்து, விருந்துக்கென்று வண்டிக்குள் நான் மடியில் வைத்திருந்த உருளைக்கிழங்கு சாலட்டில் கண்ணாடித்தூள். போதகர் கூடச் சிரிப்பை அடக்க இருமினார். அடுத்த வாரம் ரோஷத்தோடு தாடையை அச்சுக்குப் பின்னால் தள்ளிப் பொருத்தினார். பாரமெல்லாம் பின்னால் போய் முன்பக்கம் லேசாகி, காற்றடிக்கிற நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் சொன்னபேச்சு கேட்கவில்லை. அப்படியே உன் அப்பா மாதிரி. வீடு வரும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

கடைசியில் ஹார்லனே, "தாடையை முன்ன இருந்த எடத்துலயே வெச்சு, ரொம்ப ஒடிச்சுத் திருப்பாம ஓட்டு, போதும். டிரெய்லர் நிறுத்துற முகாம்ல எல்லாம் எடம் தாராளமா இருக்கும்" என்று வழி சொன்னார். இவர் கேட்கவில்லை, ஒடித்துத் திருப்பியே ஆகவேண்டுமாம். எங்கே என்று கேட்டால் வாயில் பூட்டு. மறுநாளே போய் அந்த நகரும் தாடையை வாங்கிவந்தார். அதன் அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடப்போனபோது உள்பக்கம் பென்சிலில் ஒரு படம் பார்த்தேன். உன் வீடு, கெண்ட்ரா. உன் தெரு, தபால் பெட்டி, நீங்கள் கார் நிறுத்தும் இடம், ஓரத்தில் மேப்பிள் மரம், அதைச் சுற்றித் திரும்ப ஒரு வளைகோடு. பத்துத் தடவையாவது அழித்து அழித்துப் போட்டிருக்கிறார். கூரைக்குக் கீழே படுக்கக்கூடாது என்றுதானே சபதம், வாசலில் நிற்கக்கூடாது என்று இல்லையே. அந்தப் பெட்டியை நான் போடவில்லை, தையல் அறையில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் அழுதேன்.

செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறோம். வளைவு வந்தால் இறங்கிப்போய் நெம்புகோலை இழுத்துத் தாடையைப் பின்னுக்கு விடுவது என் வேலை. அந்த மரத்துக்கும் வேலிக்கும் நடுவே எத்தனை அடி என்று அளந்து உடனே எழுது. நான் சொன்னதாக அவரிடம் மூச்சுவிடாதே, நீயும் உன் வீம்பை ஒரு வாரம் மூட்டைகட்டி வை, அது யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கடவுள் உன்னையும் குழந்தையையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று மறக்காதே. நேற்று டிரெய்லரைத் துடைக்கும்போது அதன் ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன், பற்றவே இல்லை. அவருக்குத் தெரியாது, நானும் சொல்லப்போவதில்லை. உங்கள் ஓரிகனில் அக்டோபர் ராத்திரி நன்றாகக் குளிரும். விருந்தினர் அறையில் படுக்கையை விரித்து வை.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
மார்லிஸ்