மழை வந்தால் டிக்கிக்கு

மழைக்கு ஒதுங்கி நிற்காத என் மாமாவுக்கு,

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் ஆறு மாதமாகிறது. உங்கள் ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் நம் வாசலில்தான் நிற்கிறது. மழையில் வழுக்குகிற வண்டி எதற்கு, விற்றுவிடலாம் என்று உங்கள் அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? வெயிலில் அந்த வண்டியை மிஞ்ச ஆளில்லை. தூறல் விழுந்தாலோ டயர் பிடிக்காமல் பின்பக்கம் ஒதுங்கிவிடும். உடனே என்னைப் பக்கத்து சீட்டிலிருந்து எழுப்பி, பின்னால் டிக்கி மூடியைத் திறந்தால் வரும் கூரையில்லாத சீட்டில் குடையோடு உட்கார வைப்பீர்கள்.

"பின்சக்கரந்தான் வண்டியத் தள்ளுது அம்மணி. கெணத்துல மாடு கட்டிக் கவலை எறைக்கறப்ப வடக்கயித்து மேல ஆளு உக்கார்றதில்லீங்களா? அந்த மாதிரி, மேல பாரமிருந்தா வழுக்காது."

நம் கிணத்துக்கடவு ஊரே சிரித்தது. பொண்டாட்டியை மூட்டையாக்கிவிட்டான் என்று உங்களைப் பெற்ற அத்தையே திட்டினார். நான் எத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, நினைவிருக்கிறதா?

போன வாரம் அடைமழை. உங்கள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டியில்லை. வெயிலில் ஓட்டக் கற்றுக்கொடுத்த நீங்கள், மழையில் ஒருநாளும் ஸ்டியரிங்கைத் தந்ததில்லை. அத்தை அவரை முன்சீட்டில் சாய்த்துவிட்டுக் குடையை எடுத்தார்.

"நான் பின்னால ஏறிக்கறேன் கண்ணு. நீ வண்டிய எடு."

பாலத்து இறக்கத்தில் வண்டியின் பின்பக்கம் ஒதுங்கியது. நான் பிரேக்கைத் தொடவில்லை. நீங்கள் செய்வதுபோல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, பின்பக்கம் போன திசையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி நேரானது. இதைச் சிரித்துப் பேசிக்கொண்டே செய்வீர்களே, எப்பேர்ப்பட்ட கை உங்களுடையது.

உங்கள் அப்பா பிழைத்துக்கொண்டார். நேற்று எழுந்து உட்கார்ந்தவர், "வண்டி இருக்கட்டும் அம்மணி, நீயே ஓட்டு" என்றார்.

அன்று வழியெல்லாம், அத்தை பின்னால் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் ஓட்டினேன். உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா? நான் பின்னால் இருக்கிறேன் என்று நம்பித்தான் அத்தனை மழையிலும் போனீர்களா? அது தெரியாமல் அவமானம் என்று அழுதேனே.

சொல்லிவைத்திருக்கும் புது டயர் வரும்வரை மழையில் மெதுவாகத்தான் போவேன். என்னை நம்பிப் பின்னால் ஏறுகிறவரைப் பத்திரமாக வீடு சேர்ப்பேன். இது சத்தியம், மாமா.

உங்கள் மனைவி,
பழனியம்மாள்