லஸ்திரி காய்ச்சிய கூழ்

பலெர்மோ, 17 யூலை 1995

இன்று ஆடிப்பிறப்பு, ஊரில் கூழ் காய்ச்சும் நாள். எனக்கே மறந்துபோயிருந்தது. மத்தியானம், நான் பார்த்துக்கொள்ளும் வயதான வீட்டுக்காரி சிஞ்ஞோராவுக்கு மருந்து கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். அங்கே சமையலுக்கு நிற்கும் இந்தோனேசியாக்காரி லஸ்திரி, அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கிண்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கூழ். அதற்கு மேலே பனங்கட்டிப் பாகு. சந்தோஷத்தில் ஒரு கோப்பை முழுக்க வழித்துக் குடித்தேன்.

"உங்கடை ஊரிலையும் இண்டைக்குத்தான் காய்ச்சுறவையோ?" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டேன்.

"இல்லை. கலியாண வீட்டிலை வேலை முழுக்க முடிஞ்ச பிறகு, வேலை செய்தவைக்குக் களைப்பு தீரக் குடுக்கிறது."

"இஞ்சை என்ன வேலை முடிஞ்சது?"

அவள் சிஞ்ஞோராவின் அறைக் கதவைப் பார்த்தாள். காலையில் டொக்டர் வாசலில் நின்று, இனிக் கனநாள் இல்லை என்று சிஞ்ஞோராவின் மகனோடு கதைத்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

சிஞ்ஞோரா போனால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. வேலை இல்லாமல், இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவை யார் புதுப்பித்துத் தருவார்கள்? அதற்குப் பிறகு நான் எங்கே...

பின்னேரம் வெளிக்கிடும்போது சிஞ்ஞோரா என் கையைப் பிடித்தார். "நாளைக்கும் வருவாய்தானே?" என்று கேட்டார். ஆமென்பதற்கு இத்தாலியனில் 'சீ' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தமிழில் 'ஓம்' என்று வந்துவிட்டது.

வாய்க்குள் அந்தக் கூழின் இனிப்பு இன்னும் போகவில்லை.