மிஷின் உடைக்காத சல்லி

அக்கா,

இன்று காலை மதராஸிலிருந்து ரயிலில் வந்த மரப்பெட்டியைப் பிரித்தோம். வைக்கோலை விலக்கியதும் கிரீஸ் வாடை. உள்ளே கல் உடைக்கிற மிஷினுக்கு இரண்டு புது ஜா பிளேட்டுகள். கல்லைக் கடித்து நொறுக்கும் பல் வைத்த தட்டுகள். புதிதாகச் சேர்ந்த பிட்டர் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. "மேஸ்திரி, நம்மள ஏமாத்திட்டானுவ. இது இரும்பே இல்ல" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இதையே அன்று நான் சொன்னபோது நீ பக்கத்தில் நின்றாய்.

சுந்தரபாண்டியத்துக்கு ரோடு போட்ட வருஷம் அது. நீயும் உன் கூட்டாளிப் பெண்களும் சுத்தியலால் சல்லி உடைத்துக்கொண்டிருந்த பாறைக்கு ராஜபாளையத்திலிருந்து மிஷின் ஓட்ட வந்தவன், உன் கூடப்பிறந்த தம்பி. வந்த மாதமே உங்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. அப்படியும் நீ மதியம் தூக்குச்சட்டியில் எனக்குக் கஞ்சி கொண்டுவருவதை நிறுத்தவில்லை. மிஷினைப் பார்த்து, "எம்புட்டுத் திங்குது, ஒன்ன மாதிரியே" என்று கேலி செய்வாய்.

பழைய பிளேட் தேய்ந்து புதியது வந்தது. காந்தம் ஒட்டவில்லை. போலி என்று நானே முடிவு கட்டி, அரிவாளுக்குச் செய்வதுபோலக் கொல்லன் உலையில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன். அது மாங்கனீஸ் எஃகு, அதில் காந்தம் ஒட்டாது, அடி விழ விழத்தான் அது இறுகும், அப்படிக் காய்ச்சினால் நொறுங்கிவிடும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. முதல் பாறாங்கல்லிலேயே பிளேட் இரண்டாகப் பிளந்தது. மாற்று கிடையாது. கண்டிராக்டர் எல்லார் முன்னாலும், "சனிக்கிழமைக்குள்ள ரோட்டோட கடைசித் துண்டுக்குச் சல்லி போய்ச் சேரல, நீ ராஜபாளையத்துக்கு நடையைக் கட்டு" என்றார். வீட்டில் எனக்குக் கைக்குழந்தை.

பொழுது சாய்வதற்குள் நீ வீடு வீடாகப் போய்ப் பழைய ஆட்களைக் கூட்டி வந்துவிட்டாய். என்னால் வேலை போனவர்கள் எனக்காகச் சுத்தியலை எடுத்தார்கள். நான் தடுத்தேன்.

"ஏலே, ஒன் மிஷினுக்குப் பல்லு போனா போகட்டும். எங்க சுத்தியலுக்குப் பல்லா வேணும்? செத்த தள்ளி நில்லு" என்றாய்.

வேலையில்லாமல் இருந்த மாதங்களில் உன் உள்ளங்கைக் காய்ப்பெல்லாம் உதிர்ந்துபோயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் கஞ்சியை நீட்டியபோதுதான் பார்த்தேன். கொப்புளம் உடைந்து தூக்கின் பிடியெல்லாம் ரத்தம். வெட்கமாக இருந்தது அக்கா. பசித்தது, குடித்துவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கம்.

சனிக்கிழமை சல்லி போய்ச் சேர்ந்தது. என் வேலை நிலைத்தது. மாற்றுப் பிளேட் வந்ததும் மிஷின் ஓடிற்று, நீங்கள் மறுபடி வீட்டுக்குப் போனீர்கள். "பொறவு வாரேன்" என்று மட்டும் சொன்னாய். மறுநாளும் கஞ்சி வந்தது.

இன்று பிட்டரிடம் பிளேட்டைப் பற்றி விளக்கிச் சொன்னேன். "மேஸ்திரிக்குத் தெரியாததா" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகும் அந்த ரோட்டில்தான் சைக்கிளில் வந்து போகிறேன். மிஷின் சல்லி முடிந்து உங்கள் சல்லி தொடங்கும் இடம் எனக்குத் தெரியும். அங்கே வந்ததும் இறங்கிவிடுவேன். எதிரே வருகிறவர்கள், "என்ன மேஸ்திரி, பஞ்சரா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லி, ஊர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போகிறேன்.