பிறீசருக்குள் போன ஓக் விதைகள்

ஏப்ரல் 18, சனி

பக்கத்து வீட்டு மலர் அக்கா பனிக்காலத்தில் ஊருக்குப் போனபோது, அழிந்துவரும் இனத்து ஓக் மரமொன்றின் விதைகளை ஈரமணலோடு பையில் தந்து, பிறிட்ஜில் வைக்கச் சொன்னார். எனக்குத்தான் மூளை கூடிப்போச்சே! கெட்டுவிடக் கூடாதென்று கராஜிலிருக்கும் பெரிய பிறீசரில், விளைமீனுக்கும் தேங்காய்ப்பூவுக்கும் நடுவே பத்திரப்படுத்தினேன். இன்று அவர் திரும்பி வந்ததும் பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன்.

"ஐயோ தம்பி, உறைஞ்சால் செத்துப்போமெல்லே! அந்த மரம் காய்ச்சதே இவ்வளவும்தான்."

"வாற வருசமும் காய்க்கும்தானே அக்கா?"

"மரமே பட்டுப்போய்க்கொண்டு வருது."

ஊரார் கதையெல்லாம் நாங்கள் இருக்கிற அஜின்கோர்ட் முழுக்கக் காவித் திரிகிற நான், இதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அக்கா விதைகளை எறியவில்லை. பின்வளவில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தார். பார்க்க முடியாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.