மேட்டு உச்சியிலேயே எரிந்த விளக்கு

பிப்ரவரி 12, ஹான்காக்

அன்புள்ள ஆர்லீனுக்கு,

போன அக்டோபரில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். ஞாயிறு ஆராதனை முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மூன்று வாரமாக அதைத் தவிர வேறு நினைவில்லை.

அதற்கு முன், நீ மகளிடம் போனபின் பூட்டிக்கிடக்கிற உன் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தக் கவலையிலேயே மீதியை வேகமாகப் படித்து முடித்துவிடுவாய். உன் கூரைப் பனியைச் செவ்வாயன்று இழுத்துப் போட்டாயிற்று. குழாய்கள் உறையாமலிருக்க அடுப்படிக் குழாயைச் சொட்டவிட்டிருக்கிறேன். விபத்தில் அடிபட்ட இடது மணிக்கட்டை, கட்டு பிரித்தபின் மடக்க முடிகிறதா? இருமும்போது விலா இன்னும் வலிக்கிறதா?

இனி அந்தக் கேள்வி. புதிதாக வாங்கிய காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான், ஆனா கடைக்காரன் குளிர்கால டயரும் போடணும்ங்கறான். முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்குடுத்தவ நீதானே, சொல்லுடி, வேணுமா வேணாமா?" என்றாய்.

நான் வாய் திறப்பதற்குள் ஒன்னி லாஹ்தி முந்திக்கொண்டான். "அதெல்லாம் தெற்கேருந்து பனிச்சறுக்கு விளையாட வர்றாங்களே, அவங்களுக்கு. நீ எங்க பொறந்தே ஆர்லீன்? நாலு சக்கர இழுவைக்கு மேல குளிர்கால டயரும் மாட்டுனா, சௌனா நீராவி அறைக்குள்ள ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போற மாதிரி" என்றான். மேசையே சிரித்தது. பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அப்போது நான் சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "மலை ஆடு மாதிரி நாலு காலையும் ஊனி ஏறும். அதுக்கு எதுக்கு இன்னொரு ஜோடி செருப்பு?" ஒன்னிக்குக் கிடைத்ததைவிடப் பெரிய சிரிப்பு எனக்குக் கிடைத்தது. நீயும் சிரித்தாய். கடைக்காரனிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டாய்.

ஆர்லீன், என் காரும் நாலு சக்கர இழுவைதான். ஆறு வருடமாக ஒவ்வொரு நவம்பரிலும் அதற்குக் குளிர்கால டயர் மாற்றுகிறேன். இங்கே ஒன்னி மகனின் டயர் கடைக்குப் போவதில்லை. முப்பது மைல் தள்ளி, என்னை யாருக்கும் தெரியாத ஊரில் மாற்றிக்கொள்கிறேன். காபி மேசையில் என்னைச் சுற்றுலாக்காரி என்பார்களே என்ற கூச்சம்தான். பனியில் பிறந்தவளுக்குப் பனியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற வீம்பும் கூட.

தெரியாமல் தப்பாகச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தை இவ்வளவு நாள் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன்.

போன வாரம் உன் மகள் ரெனே தொலைபேசியில் பேசினாள். ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் சொன்னதையே அவளும் சொன்னாள். கால் பிரேக்குக்குப் போகத் தாமதமாகிவிட்டது, வயதாகிவிட்டது, இனி வண்டியைத் தொடமாட்டேன் என்று அம்மா சொல்கிறாள் என்றாள். உன் வண்டி நிற்காமல் சறுக்கிப்போன அந்த நாற்சந்தியில் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் பள்ளிப் பேருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தது. அதையே நினைத்து இரவெல்லாம் விழித்திருக்கிறாயாம். கார் இல்லாமல் அந்த மேட்டு வீட்டில் தனியாக இருக்க முடியாது, அதனால் வரும் வெள்ளிக்கிழமை வீட்டை விற்கும் பத்திரத்தில் கையெழுத்து, அப்புறம் லான்சிங்கில் தன்னோடுதான் என்றாள். நல்ல பெண். குற்றம் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. நீ சொன்னதைத்தானே அவளும் நம்புகிறாள்?

ஆனால் உன் கால் தாமதிக்கவில்லை.

பனி தள்ளும் லாரி ஓட்டுகிற ரூடி பெல்டோலா அன்று உன் பின்னாலேயே இறங்கி வந்தான். விபத்து நடந்த மறுவாரம் அஞ்சலகத்தில் அவனைப் பார்த்தேன். "டீச்சர், அவங்க மேட்டு உச்சியிலயே பிரேக்கை மிதிச்சுட்டாங்க. வண்டிக்குப் பின்னாடி சிவப்பு விளக்கு அங்கேருந்தே எரிஞ்சுது. மெதுவாத்தான் வந்தாங்க. வண்டி நின்னாத்தானே? ஈரக்கல்லுல விட்ட சோப்பு மாதிரி போய்க்கிட்டே இருந்துச்சு" என்றான். இதைப் போலீஸிடம் சொன்னாயா என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றான்.

வீட்டுக்குப் போனதும் உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். தொலைபேசியைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். கால் சரியாகத்தான் போனது என்றால், பின்னே வண்டி ஏன் நிற்கவில்லை என்று அடுத்து கேட்பாய். அந்த இடத்தில் நான் வந்து நிற்க வேண்டியிருக்கும். அதற்குத் தைரியமில்லாமல், உன் வயதின் மேல் பழி விழட்டும் என்று இரண்டு வாரம் விட்டுவைத்தேன்.

அக்டோபரில் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன். நான்கு பேர் சேர்ந்து இழுத்தால் சறுக்குவண்டி சட்டென்று கிளம்பும். அது ஓடத் தொடங்கியபின் நிறுத்த அந்த நாலு பேரின் பலம் உதவாது. காரும் அப்படித்தான். நாலு சக்கர இழுவை கிளம்புவதற்கு, ஏறுவதற்கு. பிரேக் எல்லாக் கார்களுக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது, அதில் உன் காருக்கு அதிகமாக ஒன்றும் கிடையாது. நிறுத்துவது ரப்பர். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெயை ரொட்டியில் தடவிப் பார்த்திருப்பாய், கத்தியோடு உருண்டு ஓடும். மேசையில் கிடந்த வெண்ணெய் ஒட்டிக்கொள்ளும். உன் வண்டியோடு வந்த டயர் இந்தக் குளிரில் இறுகிப்போகிற ரப்பர். என்னுடையது இளகியே இருக்கிற ரப்பர். பணிமனையில் நிற்கிற உன் கார் டயரில் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், மரத்தில் அழுத்துவது போலிருந்தது. இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. வண்டி சுலபமாகக் கிளம்பிவிடுவதால், கீழே எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுகிறவளுக்குத் தெரியாது.

போன ஞாயிறு அதே காபி மேசையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது மைல் தள்ளிப் போய் டயர் மாற்றுவதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒன்னி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் மருமககிட்டயும் அந்த டயர் வேணாம்னுதான் சொல்லிவெச்சிருக்கேன், வெர்னா. ரெண்டு குழந்தைங்களை வெச்சுக்கிட்டு ஓட்டுறா" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டான். ரூடியும் தான் பார்த்ததைக் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்துவிட்டான்.

என்மேல் நீ கோபப்பட வேண்டும். சீக்கிரம் மன்னித்துவிடுகிற பழக்கம் உனக்கு உண்டு. இந்த முறை அவசரப்படாதே. ரெனேயோடு இருக்க ஆசைப்பட்டு வீட்டை விற்பதானால் நானே வந்து பெட்டி கட்டித் தருகிறேன். நான் சொன்ன பொய்யால் விற்காதே.

நான் சொல்வதை அப்படியே நம்பு என்று கேட்கிற தகுதி எனக்கு இப்போது இல்லை. அதனால் நீயே சோதித்துப் பார். வலது முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு அங்குலம் இடைவெளி விடு. ரெனே மூன்றடி அளவுகோல் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் அடிமுனை உன் விரல்களுக்கு நடுவே இருக்கும்படி தொங்கவிடட்டும். சொல்லாமல் கொள்ளாமல் விடட்டும். நீ பிடி. பிடிப்பதற்குள் எத்தனை அங்குலம் நழுவியதோ, அதுதான் உன் தாமதத்தின் அளவு. என் வகுப்புப் பிள்ளைகள் ஏழு எட்டு அங்குலத்தில் பிடிப்பார்கள். நேற்று நான் பதினொன்றில் பிடித்தேன். நீ பதினைந்தில் பிடித்தால்கூட, அன்று நீ வந்த வேகத்துக்கு, என்னைவிட அந்தக் கூடுதல் தாமதம் சாலையில் இரண்டடி ஆகாது. உன் கார் சறுக்கியது இருநூறு அடிக்கு மேல்.

வெள்ளிக்கிழமைக்கு முன், பேனாவைத் தொடுவதற்கு முன், இதைப் பத்து முறை செய்து எண்களை எனக்கு எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வெர்னா